சாஃப்ட் அப்டேட்ஸ் நீக்கமும் ஓபன்பிஎஸ்டியும்

ஓபன்பிஎஸ்டி இயங்குதளம் 2023 அக்டோபரில் வெளியிட்ட 7.4 பதிப்பில், சாஃப்ட் அப்டேட்ஸ் என்னும் வட்டெழுது முறையைச் செயலிழக்கச் செய்தது. கோப்பு முறைமைக்கு வேகம் தந்துவந்த வசதியை நிரலின் எளிமைக்காகக் கைவிட்ட முடிவு இது. முடிவில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது முழுமையானதல்ல.

பிஎஸ்டி குடும்பத்தின் எஃப்எஃப்எஸ் கோப்பு முறைமையில் கோப்பின் விவரங்கள் ஐநோட்டிலும் பெயர் அடைவிலும் இருக்கும். புதுக் கோப்பு உருவாகும்போது ஐநோட் முதலில் வட்டில் பதிய வேண்டும், பிறகுதான் பெயர். வரிசை மாறி நடுவில் மின்சாரம் நின்றால், அடைவிலுள்ள பெயர் குப்பையைச் சுட்டும். இதைத் தவிர்க்கப் பழைய வழி, ஒவ்வொன்றும் பதியும்வரை காத்திருப்பது. சுழலும் வட்டில் ஒரு காத்திருப்புக்கு 10 மில்லிவிநாடி என்று கொண்டால், கோப்புக்கு ஒரு முறை மட்டுமே காத்திருந்தாலும் 10,000 சிறு கோப்புகளை அழிக்க 100 விநாடி ஆகும்.

கிரெகரி கேஞ்சரும் யேல் பாட்டும் 1994இல் முன்வைத்த மாற்றுவழி, காத்திருப்பதற்குப் பதில் எதற்கு முன் எது எழுதப்பட வேண்டும் என்பதை நினைவகத்தில் குறித்துக்கொள்வது. எஃப்எஃப்எஸ்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான மக்யூசிக் அதை பிஎஸ்டிக்குக் கொண்டுவந்தார். இதில் ஒரு முடிச்சு உண்டு. ஒரே வட்டுத் தொகுதியில் பல ஐநோட்டுகளும், ஒரே அடைவுத் தொகுதியில் பல பெயர்களும் இருக்கும். ஓர் அடைவில் ஒரு கோப்பை உருவாக்கி இன்னொன்றை அழித்தால், முதல் செயலுக்கு ஐநோட் தொகுதி முந்த வேண்டும். இரண்டாவதற்கு அடைவுத் தொகுதி முந்த வேண்டும். சாஃப்ட் அப்டேட்ஸ் கண்ட விடை, இன்னும் எழுதக்கூடாத மாற்றத்தை மட்டும் தற்காலிகமாகத் திரும்பப் பெற்று, தொகுதியை எழுதி முடித்தபின் அதை மறுபடி செய்வது.

அபாரமான யோசனைதான். ஆனால் கோப்பு முறைமையின் ஒவ்வொரு வகை மாற்றத்துக்கும் இப்படித் தனித்தனிக் கணக்கு வேண்டும். அதைச் சொல்லும் நிரல் ஆயிரக்கணக்கான வரிகள். இடையகத்தில் கை வைப்பவர் எவரும் அவ்வளவையும் புரிந்துகொண்டாக வேண்டும். விஎஃப்எஸ் அடுக்கைச் சீர்படுத்த இது பெருந்தடையாக இருந்தது என்பதே நீக்கத்துக்கு நிரலாளர்கள் சொன்ன காரணம். சிறு குழுவொன்றுக்கு இது சாக்கு அல்ல.

மேலும் ஓபன்பிஎஸ்டி இதன் பாதிப் பலனைத்தான் அனுபவித்தது. ஃப்ரீபிஎஸ்டியில், கணினி இடையில் நின்றாலும், இயங்கிக்கொண்டே பின்னணியில் வட்டைச் சரிபார்க்க முடிந்தது. அதற்குத் தேவையான ஸ்னாப்ஷாட் வசதி ஓபன்பிஎஸ்டியில் இல்லை. சிக்கலைச் சுமந்த பிறகும், தொடங்கும்போது முழுச் சரிபார்ப்புக்குக் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. நெட்பிஎஸ்டியும் சாஃப்ட் அப்டேட்ஸை நீக்கியது. ஆனால் 2009இல் 5.0 பதிப்பில் ஜர்னலிங் முறையைக் கொடுத்துவிட்டு, 2012இல் 6.0இல்தான் பழையதை எடுத்தது. ஓபன்பிஎஸ்டி மாற்று எதையும் தராமலே எடுத்தது. எஸ்எஸ்டி வைத்திருப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. மடலுக்கு ஒரு கோப்பு என மெயில்டிர் முறையில் சேமிக்கும், சுழலும் வட்டு கொண்ட பழைய வழங்கிக்குத்தான் வலி. அதன் நிர்வாகி அமைப்புக் கோப்பில் எழுதிய சாஃப்ட்டெப் என்ற சொல்லை 7.4 மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும், எதுவும் செய்யாது. வேகத்துக்காக அவர் அசிங்க் முறைக்கு மாறலாம். எழுதும் வரிசைக்கு அங்கே உத்தரவாதமே கிடையாது என்பதால், மின்சாரம் நின்றால் மடல்களுக்கு யாரும் பொறுப்பில்லை.