கதை சொல்லும் போர்வைகள்

திருவிழாத் தேரில் அசைந்தாடும் தொம்பைகளைக் கண்டு களித்திருக்கிறோம்; அவற்றைத் தைத்தவர் பெயரை நாம் கேட்டதில்லை. ஓவியம் என்றால் கலை, தையல் என்றால் கைவேலை எனத் தரம் பிரித்தே பழகிவிட்டோம். அப்பிரிவினையை ஏற்க மறுத்தவர் அமெரிக்கக் கறுப்பின ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்டு (1930–2024).

நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் பிறந்த இவ்வம்மையார் முறையாக ஓவியம் பயின்றவர். 1972-இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் திபெத்தியத் தங்கா ஓவியங்களைக் கண்டபின், மரச்சட்டத்தை விடுத்துத் துணி விளிம்பை நாடினார். சுருட்டி எடுத்துச் செல்ல எளிது என்பதும் ஒரு காரணம். ஆடை வடிவமைப்பாளரான அன்னை வில்லி போசியுடன் சேர்ந்து 1980-இல் முதற் போர்வையைத் தைத்தார். தம் வாழ்க்கை வரலாற்றுக்குப் பதிப்பாளர் கிடைக்காமற் போகவே, 1983 முதல் போர்வை மீதே கதை எழுதலானார்.

1988-இல் படைத்த 'தார்க் கடற்கரை' இவற்றுள் தலைசிறந்தது என்போம். கோடை இரவு, தார் பூசிய மொட்டைமாடி. ஸ்ரீவராகத்து ஓட்டு வீடுகளில் குடியேறிய நம்மவர்க்கு, விட்டுவந்த மாடிகள் நினைவில் எழக்கூடும். பெரியவர்கள் சீட்டாடுகின்றனர். எட்டு வயதுக் காஸி, தம்பியுடன் படுத்து வானை நோக்குகிறாள். அவளே மேலே ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தின்மீது பறக்கவும் செய்கிறாள்! அப்பாலத்தில் உழைத்த தந்தைக்கு, நிறத்தின் காரணமாகத் தொழிற்சங்கத்தில் இடமில்லை. பறந்து சென்று சங்கக் கட்டடத்தையே அவருக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்கிறது குழந்தை.

நடுவே கித்தானில் வண்ணம். சுற்றிலும் பூத்துணித் துண்டுகளின் ஒட்டுத்தையல். மேலும் கீழும் கையெழுத்தில் கதை. அந்தப் பூவிளிம்பை வெறும் அலங்காரம் என்பாரோடு நாம் உடன்படோம். தந்தைக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் சுவரொட்டியில் எழுதியிருந்தால் அது முழக்கமாகியிருக்கும். குழந்தை போர்த்துறங்கும் துணியில் எழுதியதால் அது வீட்டுத் துயரமாகி நம்மைத் தொடுகிறது. அதைச் செய்தது ஊசியே. தூரிகையால் மட்டும் இயன்றிராது.

பின்வந்த 'பிரெஞ்சுத் தொகுதி'யில் எழுத்து மிகுந்து, சிலவிடங்களில் படத்தை நெருக்குகிறது என்பது நம் குறை. ஆயினும் அதில் 1991-இல் தைத்த ஒரு போர்வையை மறத்தற்கியலாது. ஆர்ல் நகரின் சூரியகாந்தித் தோட்டத்தில், ஹாரியட் டப்மன், ரோசா பார்க்ஸ் முதலிய கறுப்பின வீராங்கனையர் கூடிச் சூரியகாந்திப் போர்வை தைக்கின்றனர். ஓவிய மேதை வான்கோவோ, கையில் பூச்சாடியோடு ஓரத்தில் நிற்கிறார்.