பால் மரம் தளிர்த்ததும் படுத்துக்கொண்ட மோடம்

சுங்கை பட்டாணியில் ஒரு பேரங்காடி. எஸ்கலேட்டர் ஓரமாக மேசை போட்டிருந்த பையன் மோடத்தைப் பிளக்கில் செருகினான். தன் கைப்பேசியில் வேகத்தைச் சோதித்து, திரையை எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினான். விநாடிக்கு 312 மெகாபிட். "பார்த்துக்குங்க அண்ணே, ஃபைவ்-ஜி. ஃபைபரே பக்கத்துல நிக்காது." நான் பார்த்தேன், அக்காவும் பார்த்தார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால், எதிர்க் கட்டடத்து மொட்டைமாடியில் நின்ற கோபுரத்தைத்தான் இரண்டு பேரும் பார்க்கவில்லை.

அக்கா வீடு பீடோங்கை அடுத்த தோட்டத்தில். சுற்றியுள்ள தோட்டங்களெல்லாம் செம்பனைக்கு மாறிவிட்டன. இங்கே மட்டும் லயத்துக்குப் பின்னால் இன்னும் பால் மரம் மிச்சமிருக்கிறது. அக்கா பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்துகிறார். அத்தானுக்குக் கூலிமில் ஷிப்ட் வேலை, மகளுக்கு ஆறாம் படிவம். ஃபைபர் கேட்டால் "உங்கள் பகுதியில் இன்னும் வசதி இல்லை" என்ற பதில்தான் ஆண்டுக்கணக்கில் வருகிறது. அதனால் சிம் போட்டு ஓடும் இந்த வீட்டு மோடம். மாதம் 99 வெள்ளி, 24 மாத ஒப்பந்தம், பெட்டி இலவசம். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஏழு மாதம் கூடவே இருந்து பார்த்த பெட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பெட்டியில் பெரிய குறை சொல்வதற்கில்லை. பெரிய மைலோ டின் உயரம், வெள்ளை நிறம். சிம்மைப் போட்டு பிளக்கில் செருகினால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. லயத்து வீட்டின் கல் சுவர் இரண்டைத் தாண்டி, பின்கட்டுச் சமையலறை வரைக்கும் வைஃபை ஒழுங்காக வந்தது. டிவி, மூன்று கைப்பேசி, ஒரு மடிக்கணினி எல்லாம் ஒரே நேரத்தில் ஓடின. அடாப்டர் கம்பி முழம் குட்டை. கடவுச்சொல்லைப் பெட்டியின் அடியில் எறும்பு ஊர்வதுபோல அச்சடித்திருக்கிறார்கள். மகள் கைப்பேசியில் படம் பிடித்து, பெரிதாக்கித்தான் வாசித்தாள். மதியத்தில் தகரக் கூரைச் சூட்டோடு சேர்ந்து பெட்டியும் கொதிக்கும். அலமாரிக்கு மேலே வைக்காமல் சன்னல் ஓரம் வைத்தால் சரியாகிவிடும்.

மோடத்தின் உள்பக்கம் என்று ஒன்று உண்டு. கணினியில் 192.168 என்று தொடங்கும் முகவரியைத் தட்டினால் திறக்கும். அங்கே ஆர்.எஸ்.ஆர்.பி என்ற எண்ணைப் பாருங்கள். முன்பக்க விளக்கு பச்சையா நீலமா என்பதைவிட அது முக்கியம். அலைவரிசை எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்பதை அது மைனஸ் கணக்கில் சொல்லும். மைனஸ் 80 என்றால் ராஜபோகம். மைனஸ் 100-க்குக் கீழே இறங்கினால் இழுபறி. மைனஸ் 115-ஐத் தாண்டினால் மோடம் மூச்சுக்குத் திணறுகிறது என்று அர்த்தம். பிப்ரவரியில் அக்கா வீட்டுச் சன்னலில் காட்டிய எண் மைனஸ் 98. பகலில் 42 மெகாபிட், இரவு ஒன்பது மணிக்கு 15. பேரங்காடியில் காட்டிய 312 எங்கே என்று கேட்கத் தோன்றியது. ஆனால் வகுப்பும் ஓடியது, நாடகமும் ஓடியது, விட்டுவிட்டேன்.

ஏப்ரலில் மகள் போன் செய்தாள். "மாமா, டீச்சர் வாயசைக்கிறாங்க, சத்தம் அப்புறமா வருது." மே மாதம் போய்ப் பார்த்தபோது எண் மைனஸ் 110. பகலில் 6 மெகாபிட், இரவில் ஒன்றரை. பன்னிரண்டு எண்தானே குறைந்திருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். இந்தக் கணக்கில் பன்னிரண்டு இறங்கினால் வந்து சேரும் வலு ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு.

நான் சன்னல் சன்னலாக மோடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவதைப் பார்த்தபடி அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "தம்பி, நீ பெட்டிய குத்தம் சொல்ற. மரம் தளிர் விட்டதுலேர்ந்துதான் இப்படி."

எழுந்துபோய்ப் பின்வாசலில் நின்று பார்த்தேன். பிப்ரவரியில் நாங்கள் மோடம் வாங்கியபோது பால் மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நின்றன. கெடாவில் ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில் அது வழக்கம்தான். பால் குறைந்து வெட்டுக்காரர் கையில் காசும் குறையும் மாதங்கள். கிளைகளுக்கு நடுவே அப்போது பீடோங் பக்கத்துக் கோபுரத்தின் சிவப்பு விளக்குகூட இரவில் தெரிந்தது. இப்போது பச்சைச் சுவர். இலை என்றால் தண்ணீர். தண்ணீர் ரேடியோ அலையைக் குடித்துவிடும். மழை பெய்து இலை நனைந்திருந்தால் இன்னும் மோசம். அம்மா அந்த மரங்களில் பால் வெட்டியவர். அக்காவுக்கு ஆர்.எஸ்.ஆர்.பி தெரியாது, மரம் தெரியும். நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவுக்கு முன்பே காரணத்தைக் கண்டுபிடித்தது அவர்தான்.

எல்லா அலையும் இலைக்குப் பயப்படுவதில்லை. குனோங் ஜெராய் உச்சியிலிருந்து வரும் எஃப்.எம் வானொலி அதே சமையலறையில் கரகரப்பில்லாமல் பாடுகிறது. அந்த அலையின் நீளம் மூன்று மீட்டர். மரத்தைச் சுற்றி வளைந்து வந்துவிடும். நம் நாட்டு ஃபைவ்-ஜி இரண்டு முக்கியமான அலைவரிசைகளில் தொடங்கியது. ஒன்று 3.5 கிகாஹெர்ட்ஸ். வேகம் அதிகம், ஆனால் அலையின் நீளம் ஒன்பது சென்டிமீட்டர்கூட இல்லை, மரம் மறித்தால் அவ்வளவுதான். மற்றது 700 மெகாஹெர்ட்ஸ். வேகம் குறைவு, தூரம் போகும், இலையை ஓரளவு தாண்டும். இந்த 700 முன்பு தொலைக்காட்சிக்கு உரிய இடம். 2019-இல் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியதால் காலியானது. அந்த நிறுத்தம் நாட்டிலேயே முதலில் நடந்தது நம் கெடாவின் லங்காவியில், அந்த ஆண்டு ஜூலை 21 அன்று.

அக்கா வீட்டு மோடத்தில் 700-உம் உண்டு, 3.5-உம் உண்டு. ஆனால் பெட்டி எப்போதும் வேகமானதைத் துரத்தும், கிடைக்காமல் விழும், மறுபடி துரத்தும். "700-ஐ மட்டும் பிடித்துக்கொள்" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அந்த அமைப்பைத்தான் நிறுவனம் பூட்டி வைத்திருக்கிறது. பின்னால் ஒரு ரப்பர் மூடி இருக்கிறது. நகத்தால் நெம்பினால் வெளி ஆன்டெனாவுக்கான இரண்டு துளை. கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என் முதல் கோபம் இதன்மேல்தான். மருந்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டி, சாவியைக் கோலாலம்பூரில் வைத்திருக்கிறார்கள்.

சேவை கிடைக்கும் இடங்களை ஊதா நிறத்தில் காட்டும் நிறுவனத்தின் வரைபடத்துக்கும் ஒரு கதை உண்டு. 2020-இல் அரசாங்கம் தொடங்கிய ஜெண்டேலா திட்டத்தின் இலக்கு, மக்கள் வசிக்கும் பகுதிகளில் 96.9 விழுக்காட்டுக்கு ஃபோர்-ஜி சேர்ப்பது. 2021 முடிவில் த்ரீ-ஜியை மூடினார்கள். இத்தகைய விழுக்காட்டில் எண்ணப்படுவது ஆள் வசிக்கும் இடம். ஆளைவிட மரம் அதிகமான தோட்டம் அந்தக் கணக்கில் ஓர் ஓரம்தான். கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே எத்தனை நிரை மரம், அதில் இந்த மாதம் இலை உண்டா என்று எந்த வரைபடமும் காட்டாது.

இனி சேவை. செயலியில் உரையாடலைத் திறந்தால் முதலில் வருவது இயந்திரம். "மோடத்தை அணைத்து 30 விநாடி கழித்து மீண்டும் போடவும்." போட்டோம். "பிரச்சினை தீர்ந்ததா?" இல்லை. "மோடத்தை அணைத்து..." நான்காவது சுற்றில் மனிதர் வந்தார், மரியாதையாகப் பேசினார், புகார் எண் கொடுத்தார். உங்கள் வசதிக்காக வார விடுமுறை நாளான ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் வருவார் என்றார். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். 2025 ஜனவரியில் ஜொகூர் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது, நாம் மாறவில்லை. ஞாயிறு காலையில் அக்கா சிற்றுண்டிச்சாலையில் நாசி லெமாக் மடித்துக்கொண்டிருந்தார், மகள் வகுப்பில், அத்தான் ஷிப்டில். வந்தவர் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "வாடிக்கையாளர் இல்லை, புகார் முடிக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது.

இரண்டாம் முறை புகார் கொடுத்து, வெள்ளிக்கிழமைதான் வேண்டும் என்று அடம்பிடித்து வரவழைத்தோம். வந்த பையன் நல்லவன். பின்வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மரம்தான்க்கா" என்றான். அதை எழுதிக் கொடு தம்பி என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு, வேலைத் தாளில் "சிக்னல் பலவீனம், சுற்றுச்சூழல்" என்று மலாயில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அந்தத் தாள்தான் பிறகு எங்களைக் காப்பாற்றியது.

விளம்பரத்தில் 99 வெள்ளி. தொலைத்தொடர்புக்குச் சேவை வரி 6 விழுக்காடு. 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு வரி 8 ஆனபோது இதை விட்டுவைத்தார்கள், அதுவரை நல்லது. ஆக மாதம் 104 வெள்ளி 94 சென். 24 மாதத்துக்கு 2,518 வெள்ளி 56 சென். "வரம்பற்ற" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அடிக்குறிப்பில் மாதம் 500 ஜிபி தாண்டினால் வேகம் குறையும் என்றிருந்தது. உயர்தரக் காணொளி மணிக்கு மூன்று ஜிபி வரை தின்னும். நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் மாதம் 450. அக்கா வீட்டுக்குப் போதும். கூட்டுக்குடும்பம் என்றால் இருபதாம் தேதியே நொண்டும். ஒப்பந்தத்தை முறித்தால் 500 வெள்ளி அபராதம். இலவசப் பெட்டியின் விலை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

அபராதத்தைக் கட்டிவிடலாம் என்றார் அத்தான். அக்கா மறுத்தார், நானும் மறுத்தேன். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, எதற்காக வாங்குகிறோம் என்று விற்பவரிடம் சொல்லி வாங்கிய பொருள் அதற்கு உதவ வேண்டும். நாங்கள் சொன்னதற்குச் சாட்சி, படிவத்தில் எழுதிய தோட்டத்து முகவரி. எதிர்க் கட்டடத்துக் கோபுரத்தின் காலடியில் பயன்படுத்த நாங்கள் வாங்கவில்லையே. படிவத்தின் நகல், தொழில்நுட்பரின் தாள், பிப்ரவரியிலும் மே மாதத்திலும் எடுத்த வேகச் சோதனைப் படங்கள், இரண்டு புகார் எண்கள் எல்லாவற்றையும் சேர்த்துத் தொடர்புத் துறைப் பயனீட்டாளர் மன்றமான சி.எஃப்.எம்முக்கு அனுப்பினோம். முதலில் நிறுவனத்திடம் புகார் செய்திருக்க வேண்டும் என்பார்கள். அதனால் புகார் எண்ணைத் தொலைக்காதீர்கள். அங்கும் தீராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் ஐந்து வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் வேண்டாம், நாமே பேசலாம். முதலாம் பாரத்தை நிரப்பியும் வைத்திருந்தோம். தேவைப்படவில்லை. சி.எஃப்.எம்முக்குப் புகார் போன பிறகு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். அபராதம் இல்லை, பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றார். அதே குரல் மே மாதத்திலேயே வந்திருக்கலாம்.

இப்போது அக்கா வீட்டில் இருப்பது நாங்களே விலை கொடுத்து வாங்கிய பூட்டில்லாத மோடம், 280 வெள்ளி. அடியில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கினோம். வெளி ஆன்டெனா 90, கம்பி 35. ஆன்டெனாவை மாட்ட கம்பம் தேடியபோது கூரையோரம் ஒன்று துருப்பிடித்து நின்றது; அப்பா காலத்து டிவி ஏரியல் கம்பம். வீட்டுக்கு ஆஸ்ட்ரோ தட்டு வந்த பிறகு யாரும் அதைச் சீண்டவில்லை. ஏரியலைக் கழற்றிவிட்டு ஆன்டெனாவைக் கட்டி, கோபுரம் இருக்கும் திசைக்குத் திருப்பி, மோடத்தை 700-க்குப் பூட்டினேன். மைனஸ் 96. பகலில் 28 மெகாபிட், இரவில் 19, மழையிலும் 17. ஒருகாலத்தில் டிவி ஓடிய அலைவரிசை, அதே கம்பத்தின் வழியாக மறுபடி வீட்டுக்குள் வருகிறது. அக்காவிடம் சொன்னேன். "அப்பா ஊன்னுன கம்பம்டா, அசையுமா?" என்றார்.

இதிலும் தொல்லை உண்டு. மலிவான கைப்பேசி சிம்மை மோடத்தில் போட்டால் சில திட்டங்கள் வேலை செய்யாது. "வரம்பற்ற" என்பது கைப்பேசிக்கு மட்டும், ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு என்பார்கள். கடைக்காரரிடம் மோடத்தைக் காட்டிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். இடி மின்னல் மாதங்களில் ஆன்டெனா கம்பியை இரவில் கழற்றிவிடுவது நல்லது. கையில் காசிருந்தால் செயற்கைக்கோள் வழியும் இருக்கிறது. ஸ்டார்லிங்க் 2023 ஜூலையில் இங்கே வந்தபோது தட்டுக்கு 2,300, மாதம் 220 வெள்ளி. முதல் ஆண்டிலேயே 4,940. வானம் திறந்திருந்தால் போதும், கோபுரம் வேண்டாம். ஆனால் நிரை நடுவே இருக்கும் லயத்துக்கு அந்தத் திறந்த வானமும் சுலபமில்லை.

என் தீர்ப்பு இது: சுங்கை பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் தாமான்களில் இருப்பவர்கள், ஃபைபர் வராத தெருவென்றால், ஒப்பந்த மோடத்தைத் தயங்காமல் வாங்கலாம். தோட்டத்தில் இருப்பவர்கள் உடனே வாங்க வேண்டாம். முதலில் அந்த நிறுவனத்தின் பிரீபெய்ட் சிம் ஒன்றை வாங்கிக் கைப்பேசியில் போட்டு, மோடம் வைக்கப்போகும் சன்னலிலேயே இரவு ஒன்பது மணிக்கு வேகத்தைப் பாருங்கள். ஜனவரி, பிப்ரவரியில் பார்த்த எண்ணை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். மரம் தளிர்த்த பிறகு, ஏப்ரல் கடைசியில், இன்னொரு தடவை பாருங்கள்.