கலமசூப் பெட்டியும் சென்னைப் படுக்கையும்

வீட்டு மண்புழு உரம் பற்றி எழுதப்படுவனவற்றில் ஆர்வம் மிகுதி, முறை குறைவு. விதிவிலக்கு, மேரி ஆப்பெல்ஹாஃப் 1982இல் வெளியிட்ட ‘வர்ம்ஸ் ஈட் மை கார்பேஜ்’. மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் உயிரியல் ஆசிரியராக இருந்தவர் அவர். பனிக்காலத்திலும் உரம் செய்ய விரும்பி, தூண்டில் இரைக்கு விற்கும் செம்புழுக்களை வாங்கி வீட்டுக்குள் பெட்டியில் விட்டார். நூல் அந்தப் பட்டறிவில் பிறந்தது.

நூலின் சாதனை அதன் கணக்கு. வாரத்துக்கு ஒரு பவுண்டு கழிவு என்றால் ஒரு சதுர அடிப் பரப்பு. அன்றாடக் கழிவின் எடையைப்போல் இருமடங்கு எடையுள்ள புழு. ஓரடி ஆழம், ஈரடி அகலம், மூன்றடி நீளத்தில் பெட்டி. கொள்ளளவை விட்டுப் பரப்பைக் கணக்கிட்டதில் அவருடைய உயிரியல் அறிவு தெரிகிறது. செம்புழு மேல்மட்டத்தில் மட்கும் பொருளில் வாழ்வது. ஆழம் அதற்குப் பயன்படாது. ஒடுங்கி உயர்ந்த வாளிகளை ‘மண்புழுத் தொட்டி’ என்று விற்போர் இந்த அடிப்படையையே தவறவிடுகிறார்கள்.

இருமடங்கு விகிதத்தை மட்டும் கட்டளையாக ஏற்க முடியாது. புழு, தீனிக்கும் இடத்துக்கும் ஏற்பப் பெருகும், அருகும். பாதி எடைப் புழுவோடு தொடங்கித் தீனியையும் பாதியாக்கினால் சில மாதங்களில் அதே நிலையை எட்டலாம், செலவு மிச்சம்.

இத்துறையில் எல்லோரும் சாட்சிக்கு அழைப்பது டார்வினை. 1881இல் வந்த அவருடைய மண்புழு நூலுக்காக வீடே ஆய்வுக்கூடமானது. புழுக்களுக்குக் கேட்கும் திறன் உண்டா என்று சோதிக்க மகன் பசூன் ஊதினார், மனைவி பியானோ வாசித்தார். ஆனால் டார்வின் முதன்மையாக ஆராய்ந்தவை வளை தோண்டி வாழும் வயல் புழுக்கள். அவர் சொல்லை நம்பித் தோட்டத்துப் புழுவைத் தோண்டிப் பெட்டியில் இட்டால் அது பிழைக்காது.

ஆப்பெல்ஹாஃபின் குறை அவருடைய தட்பவெப்பம். குளிர்ந்த நிலவறைக்குப் பொருந்திய அவருடைய செம்புழு, ஐசீனியா ஃபெட்டிடா, 35 பாகை செல்சியசைத் தாண்டினால் தாங்காது; சித்திரை வெயிலில் நம் மொட்டைமாடி அதற்குக் கொலைக்களம். கிழித்த செய்தித்தாளின் எடையைப்போல் மும்மடங்கு நீர் சேர்க்கச் சொல்கிறார். பூசணிக் குடலும் தர்ப்பூசணித் தோலும் விழும் நம் பெட்டியில் அந்த அளவு சேறாகிவிடும்.

இந்த இடத்தில் சென்னையைச் சேர்ந்த மண் உயிரியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயிலின் முறை வலுவானது. செங்கல் துண்டு, மணல், மண் என்று அடுக்கி, மேலே சாண உருண்டையும் வைக்கோலும் இட்ட படுக்கை அது. மிகுநீர் தானே வடியும். வெளிநாட்டு இனங்களை நாடாமல் மேல்மட்டத்துக்குப் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ், மண்ணுக்கு லாம்பிட்டோ மௌரிட்டி என உள்ளூர்ப் புழுக்களையே தேர்ந்தார். வெக்கையும் மழையும் அவற்றுக்குப் பழக்கம். குறை, பாரம். தோட்டத்துக்கு ஏற்ற இப்படுக்கையை அடுக்ககப் பால்கனியில் ஏற்றுவது நடைமுறைக்கு ஒவ்வாது.

குடும்பமாகச் செய்வது என்ற பேச்சையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்குப் புழுவின் மீதுள்ள ஆர்வம் மெய். எலுமிச்சை வடிவில் கடுகைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும் முட்டைக்கூட்டைத் தேடுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பெட்டியின் கதி அரிவாள்மணையருகே முடிவாகிறது. உப்பும் எண்ணெயும் கலந்த குழம்பு மிச்சம், குவியல் குவியலாக எலுமிச்சைத் தோல், மீன் முள் ஆகியவற்றைத் தனியே பிரிக்கும் கை வேண்டும். அது அம்மாவின் கையாக மட்டுமே இருந்தால் குடும்ப முயற்சி என்பது பெயரளவே. ஒன்றைச் சொல்ல வேண்டும்: படுக்கையே தீனியுமாவதால் கோடை விடுமுறையில் இரண்டு வாரம் ஊருக்குப் போய்வந்தாலும், ஈரமும் நிழலும் இருந்தால் புழு சாகாது. எந்த வளர்ப்புப் பிராணியும் தராத சலுகை.

என் தீர்ப்பு: தரையில் இடமுள்ளோர்க்கு இஸ்மாயில் படுக்கையே மேல். அடுக்ககத்தார் ஆப்பெல்ஹாஃப் பெட்டியைக் கொள்ளலாம். ஆனால் செய்தித்தாளுக்குப் பதில் நன்கு அலசிய தென்னை நார்க்கழிவு, பாதி நீர், அடியில் வடிகால் துளை, உள்ளூர்ப் புழு என்று திருத்திக்கொண்டு. இரு சாராரும் புழு வாங்கும் முன் ஒரு வாரக் கழிவை எடை போட்டுப் பாருங்கள்.