தட்டிக் கேட்க வேண்டிய படகு

கார்ல் ஆல்பெர்க் வடிவமைத்த பியர்சன் டிரைடன், 1959 நியூயார்க் படகுக் கண்காட்சியில் அறிமுகமான 28 அடிப் பாய்மரப் படகு. கண்ணாடியிழை அப்போது புதுசு. எவ்வளவு கனம் போதும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. அதனால் தாராளமாகவே போட்டுவிட்டார்கள். அறுபது வயது தாண்டியும் டிரைடன்கள் ஓடுவது அந்தத் தாராளத்தால்தான். ஜேம்ஸ் பால்ட்வின் தன் ‘ஆட்டம்’ என்ற டிரைடனில் உலகை இரண்டு முறை சுற்றிவந்தார்.

வியாதியெல்லாம் மேல்தளத்தில். இரண்டு கண்ணாடியிழைத் தகடுகளுக்கு நடுவே பால்சா கட்டை. கைப்பிடிக் கம்பிகளை இறுக்கிய போல்ட்டுகளைச் சுற்றிப் பூசிய பசை காய்ந்து வெடித்தால் தண்ணீர் இறங்கும். மேலே பெயின்ட் பளபளக்க, உள்ளே கட்டை மக்கும். கண்டுபிடிக்க ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் போதும். நல்ல இடம் ‘டக்’கென்று கேட்கும், கெட்ட இடம் ‘தொப்’பென்று. தேங்காய் தட்டிப் பார்த்து வாங்குகிறவரின் காது வேண்டும்.

பிறகு மேல்தோலை அறுத்துத் திறந்து, ஈரச் சக்கையைச் சுரண்டி, புதுப் பால்சாவை எபாக்ஸியில் பதிக்க வேண்டும். எனக்குப் பிடித்தது போல்ட் ஓட்டை வைத்தியம்: பெரிதாகத் துளைத்து, எபாக்ஸியால் அடைத்து, இறுகியதும் அதன் நடுவிலேயே சரியான அளவில் மறுபடி துளைப்பது. இனி பசை தோற்றாலும் தண்ணீர் கட்டையைத் தொடாது.

புதிதாகச் சேர்ப்பதில் எல்.இ.டி. விளக்குகளுக்கே என் முதல் ஓட்டு; மின்சாரம் மிச்சம், விலையும் சொற்பம். ஃப்ரிட்ஜ் மட்டும் வேண்டாம் என்பேன். அதற்குப் பெரிய பேட்டரி, பேட்டரிக்கு சோலார் தகடு, தகட்டுக்குச் சட்டம், சட்டத்துக்கு மேல்தளத்தில் இன்னும் நாலு ஓட்டை.