குடத்துக்குள் எவர் பெயர்?

தமிழ்நாட்டரசு 2022-ஆம் ஆண்டில் காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கிற்று. முதலமைச்சர் தலைமையிலான ஆட்சிக் குழுவில் மாண்டேக் சிங் அலுவாலியா, நந்தன் நிலேகனி, நார்வே நாட்டு எரிக் சோல்ஹைம் ஆகியோரும், பூவுலகின் நண்பர்கள் அமைப்பின் சுந்தர்ராஜனும் இடம்பெற்றனர். மாவட்டந்தோறும் ஆட்சியர் இயக்குநர். மாவட்ட வன அலுவலரே காலநிலை அலுவலர். இவ்வமைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் இதனை மேலிருந்து கீழாகப் படித்து வருகையில் ஒரு வினா எழுகின்றது: ஆட்சியருக்குக் கீழே எவர்?

பச்சைமலை அடிவாரத்திலுள்ள பூலாம்பாடியை எடுத்துக்கொள்வோம். மழை பொய்த்தால் மக்காச்சோளமும் பருத்தியும் வாடும். காலந்தவறிக் கொட்டினால் சின்ன வெங்காயம் அழுகும். காலநிலை இவ்வட்டாரத்தாருக்குக் கருத்தரங்கப் பொருளன்று. ஊராட்சியாயின் ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபையில் எழுந்து பேசலாம். பூலாம்பாடியோ பேரூராட்சி, அதற்குக் கிராமசபை இல்லை. நகர்ப்புற அமைப்புகளுக்கென வார்டு குழு, பகுதி சபை என்னும் ஏற்பாடு 2022-இல்தான் வந்தது. தெருவிளக்கும் வடிகாலும் அங்கே பேசப்படலாம். மாவட்டக் காலநிலைத் திட்டத்தைத் திருத்தும் அதிகாரம் அதற்கில்லை. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 ஆக உயர்த்த மரக்கன்று நடுமாறு மக்கள் அழைக்கப்படுகின்றனர். எந்த மரம், எவருடைய மேய்ச்சல் தரையில் என்று தீர்மானிக்க அழைக்கப்படுவது அரிது.

அழைத்தால் மட்டும் போதுமா? பிரான்சில் 2019-20-இல் சீட்டுக் குலுக்கலால் தெரிந்தெடுக்கப்பட்ட 150 குடிமக்கள் 149 பரிந்துரைகளை அளித்தனர். வடிகட்டாமல் முன்னெடுப்பதாக வாக்களித்திருந்த அதிபர் மக்ரோன் மூன்றை உடனே ஒதுக்கினார். 2021-இன் சட்டம் வேறு பலவற்றை நீர்த்துப்போகச் செய்தது.

சீட்டு என்றதும் நம்மவர் உத்திரமேரூரை நினைவூட்டுவர். முதற்பராந்தகன் காலத்தில் ஏரி வாரியத்துக்கும் குடவோலையால் ஆள் எடுத்தனர் என்பது மெய். கணக்குக் காட்டாதாரை விலக்கினர் என்பதும் மெய், அது பாராட்டத்தக்கதே. ஆனால் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், மறையறிவும் உடையோரின் பெயரே குடத்துக்குள் சென்றது. ஏரிக்கு மண் சுமந்தோர் பெயர் செல்லவில்லை. பெருமை பேசுவோர் கல்வெட்டின் இப்பகுதியை ஏனோ விரைந்து கடக்கின்றனர்.

பூலாம்பாடியில் கூடும் சபைக்கும் இக்கேள்வி பொருந்தும். பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால், களையெடுக்கும் பெண் அன்றைய கூலியை இழந்தே அங்கு வர இயலும். ஆகவே கூடும் நேரத்தை நிலமற்ற தொழிலாளரே குறிக்கட்டும். மழை, வெயில், நீர் பற்றிய அவர்களது தீர்மானத்தை மாவட்டத் திட்டம் ஏற்காவிடின், ஏன் ஏற்கவில்லை என்பதை ஆட்சியர் எழுத்து மூலம், அடுத்த கூட்டத்துக்கு முன்பே, அச்சபைக்குத் தெரிவிக்க வேண்டும்.