சட்டசபையில் ஒரு விமர்சகர்

மலையாள விமர்சகர் ஜோசப் முண்டசேரியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவரை இரண்டாகப் பிளந்துவிடுகின்றனர். இலக்கியக்காரர் 'காவ்யபீடிக'யின் ஆசிரியரைப் போற்றி, 1957இல் அவர் கேரளத்தின் கல்வி மந்திரியானதைக் கண்டும் காணாமல் விடுவர். அரசியல்வாதிகளோ கல்வி மசோதாவோடு அவர் கதையைத் தொடங்கி அதனோடே முடித்துவிடுவர். இரண்டும் பிழையான நோக்கு என்பதே எமது கருத்து.

1903இல் திருச்சூர்ப் பகுதியிற் பிறந்த முண்டசேரி, கத்தோலிக்கக் கல்லூரியொன்றிலே பல்லாண்டுகள் கற்பித்தவர். தனியார் நிருவாகத்தின் கீழ் ஆசிரியன் படும் பாடு அவருக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று; 'புரொபஸர்' என்ற நாவலுக்கு அதனையே பொருளாக்கினார். 1954இல் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டசபைக்கும், 1957இல் மணலூர்த் தொகுதியிலிருந்து கேரளத்தின் முதற் சட்டசபைக்கும் தெரிவானார்.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. நாற்பதுகளின் இறுதியில் மலையாள முற்போக்கு இலக்கிய இயக்கம் பிளவுண்டபோது, 'ரூபபத்ரதை', அதாவது உருவச் செம்மை, என்ற கோட்பாட்டை ஏந்திக் கம்யூனிஸ்டுகளோடு மோதியவர் இதே முண்டசேரிதான். பத்தாண்டு கழியுமுன் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாட்டின் மந்திரிசபையில் அமர்ந்தார். இதனைச் சந்தர்ப்பவாதம் எனச் சிலர் கூறலாம். உருவத்தைப் பற்றி வாதிட்டவர் உள்ளடக்கத்தை என்றுமே கைவிட்டவரல்லர் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

அவருடைய மசோதா 1957 செப்டம்பரில் சபையில் நிறைவேறியது. ஜனாதிபதி அதனை உச்ச நீதிமன்றத்தின் அபிப்பிராயத்துக்கு அனுப்பினார். சில பிரிவுகள் சிறுபான்மையினரின் கல்வி உரிமையை மீறுவன என 1958 மே மாதத்தில் நீதிமன்றம் கூறவே, திருத்தங்களுடன் மீண்டும் நிறைவேற்றப்பட்டு 1959 ஜூனில் அமுலுக்கு வந்தது. உதவிபெறும் பாடசாலைகளில் ஆசிரியர் கையெழுத்திட்ட தொகை ஒன்று, கையில் வாங்கிய தொகை வேறொன்று என்ற இழிநிலைக்கு முன்னரே ஓரளவு பரிகாரம் தேடப்பட்டிருந்தது. இச்சட்டம் அரசாங்கம் நேரே சம்பளம் வழங்குவதை உரிமையாக்கியது. பதினோராம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே சென்று, ஆசிரியரைத் தெரிவு செய்யும் பொறுப்பைப் பொதுச் சேவை ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. முகாமையாளரின் மடியில் கைவைத்தது இப்பிரிவே. கத்தோலிக்க சபையும் நாயர் சேவைச் சங்கமும் ஒன்றாய் எழுந்தன. 'விமோசன சமரம்' மூண்டது. 1959 ஜூலை 31இல் மந்திரிசபை பதவிநீக்கப்பட்டது. இலங்கையில் 1960, 1961இல் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது எழுந்த கூச்சலைக் கேட்டவர்களுக்கு இக்குரல் புதியதன்று.

முண்டசேரியின் அளவுகோலாலேயே அவருடைய சட்டத்தை அளந்தால் ஒரு குறை புலப்படும். சம்பளம், நியமனம், பாடசாலைகளைக் கையேற்கும் அதிகாரம் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சிற் கூற முயன்றார். முதலிரண்டையும் எதிர்ப்பது மானமுள்ளவனுக்கு எளிதன்று. மூன்றாவதோ, மதத்துக்கு ஆபத்து என்று கூவ எதிரிக்குக் கிடைத்த வாய்ப்பாயிற்று. ஆயினும் அவர் எழுதியவற்றுள் மிகப் பெருந்தொகையானோரின் வாழ்வைத் தொட்ட உரைநடை இதுவே என்பதில் எமக்கு ஐயமில்லை.

1960இல் வந்த புதிய அரசாங்கம் பதினோராம் பிரிவை மாற்றியமைத்தது. சம்பளப் பிரிவைத் தொட எவரும் துணியவில்லை. கேரளத்தின் உதவிபெறும் பாடசாலைகளில் இன்றும் அரசு சம்பளம் கொடுக்கிறது. ஆசிரியரை நியமிப்பவர் முகாமையாளர்.