அடிபம்பு பழுதானால் யார் வருவார்?

பொருளைப் பயன்படுத்துபவரைக் கூர்ந்து கவனி, மாதிரி செய்து அவர் கையில் கொடு, திணறும் இடத்தைத் திருத்து, மறுபடியும் கொடு. தொழில்துறை வடிவமைப்பில் மனித மைய அணுகுமுறை என்று கற்பிக்கப்படுவதன் சாரம் இதுதான். இதன் பயனை யாரும் மறுக்க முடியாது. எந்திரத்துக்கு ஏற்றபடி மனிதன் வளையட்டும் என்று வரைமேசையில் முடிவான காலத்தை இது மாற்றியிருக்கிறது. ஆனால் இந்த ஆய்வுமுறைக்கு ஒரு பார்வைக் குறை உண்டு. பொருளை மனிதர் கையாளும் அந்தச் சில மணி நேரத்தை அது துல்லியமாகப் பார்க்கிறது. பொருள் தேய்ந்து, உடைந்து, உதிரி பாகம் தேடி நிற்கும் ஆண்டுகளை அதே அக்கறையோடு பார்ப்பதில்லை. நீடித்த பயன்பாடு என்ற அத்தியாயம் பெரும்பாலும் மறுசுழற்சிப் பொருளில் செய்தோமா என்பதோடு முடிந்துவிடுகிறது. கிராமத்துக் குடிநீருக்காக வடிவமைக்கப்பட்ட இரண்டு பம்புகளை அருகருகே வைத்தால் இந்தக் குறை பளிச்சென்று தெரியும்.

முதலாவது, தென்னாப்பிரிக்காவில் உருவான பிளேபம்ப். குழந்தைகள் ஏறிச் சுற்றும் ராட்டினத்தை ஆழ்துளைக் கிணற்றோடு இணைத்தார்கள். அவர்கள் விளையாட விளையாடத் தண்ணீர் மேலேறி 2,500 லிட்டர் தொட்டியில் சேரும். தொட்டியைச் சுற்றியுள்ள விளம்பரப் பலகைகளின் வருமானம் பராமரிப்பைப் பார்த்துக்கொள்ளும். கேட்டவுடன் பிடித்துப்போகும் யோசனை. 2000இல் உலக வங்கியின் பரிசு கிடைத்தது. 2006இல் அமெரிக்க முன்னாள் அதிபர் கிளிண்டனின் அமைப்பு மேடையில், அப்போதைய அதிபரின் மனைவி லாரா புஷ் 1.64 கோடி டாலர் உதவியை அறிவித்தார். 2010க்குள் 4,000 பம்புகள் என்பது இலக்கு. ஒரு பம்புக்கு ஏறத்தாழ 14,000 டாலர் ஆனது. அதே பணத்தில் சாதாரண அடிபம்புகள் பலவற்றைப் போட்டுவிடலாம் என்று தண்ணீர்த் துறையினர் அப்போதே சொன்னார்கள். அறிவித்த அளவு தண்ணீர் கிடைக்க வேண்டுமானால் குழந்தைகள் ஒரு நாளில் 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009இல் கார்டியன் நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. குழந்தைகள் பள்ளியில் இருக்கும் நேரத்திலும் தண்ணீர் வேண்டுமே! பல ஊர்களில் அந்த ராட்டினத்தைக் குனிந்து கையால் தள்ளியவர்கள் பெண்கள்தான், வயதானவர்கள் உட்பட. விளம்பரம் தர ஆளில்லாததால் பலகைகள் வெறுமையாக நின்றன. பழுது பார்க்க உள்ளூரில் ஆளும் இல்லை, உதிரியும் இல்லை. சில இடங்களில் ஓடிக்கொண்டிருந்த பழைய கைப்பம்பைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்தியிருந்தார்கள் என்பதுதான் கொடுமை. 2010 வாக்கில் பிளேபம்பைப் பரப்பிவந்த அமைப்பு திட்டத்தை வேறொரு தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைத்து ஒதுங்கிக்கொண்டது.

இதை நிறைவேற்றத்தின் தோல்வி என்று சொல்பவர்கள் உண்டு. யோசனை நல்லது, அவசரப்பட்டுப் பரப்பியதுதான் தவறு என்பது அவர்கள் வாதம். பிள்ளைகள் நிறைந்த பள்ளியில், நீர்மட்டம் ஆழமில்லாத இடத்தில் அது ஓரளவு வேலை செய்யக்கூடியது என்பதால் இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனாலும் இந்த வாதம் வடிவமைப்பைத் தப்பவிட்டுவிடுகிறது. யார் கழற்றுவார், எந்தக் கருவியால், உதிரி எந்தக் கடையில், காசு யாருடையது என்ற கேள்விகள் நிறைவேற்றத்துக்கு ஒத்திப்போடக்கூடியவை அல்ல. திருகு எங்கே வர வேண்டும் என்பதையே அவைதான் தீர்மானிக்கின்றன. மகிழ்ச்சியோடு விளையாடும் குழந்தை பயனர் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கிவிடும். அந்தச் சோதனையில் மெக்கானிக் இடம்பெறவே இல்லை.

இரண்டாவது பம்ப் நமக்குப் பழக்கமான இந்தியா மார்க் 2. 1960களின் பஞ்சத்துக்குப் பிறகு யுனிசெஃப் உதவியோடு பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் மளமளவென்று தோண்டப்பட்டன. மேலே பொருத்தியவையோ ஒரு பண்ணைக் குடும்பத்துக்காக உருவான வெளிநாட்டுப் பம்புகளின் வார்ப்பிரும்பு நகல்கள். ஊரே வரிசையில் நின்று அடித்தால் அவை எத்தனை நாள் தாங்கும்? 1970களின் நடுவில் எடுத்த கணக்கெடுப்பில் நான்கில் மூன்று பம்புகள் ஓடாமல் கிடந்தன. புதிய வடிவம் இந்தத் தோல்விப் பட்டியலிலிருந்துதான் பிறந்தது. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் கிணறு தோண்டுவோர் பட்டறையில் உருவாக்கியிருந்த பம்பை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். கைப்பிடிக்கும் உள்கம்பிக்கும் நடுவே ஒரு செயின். அதனால் கம்பி பக்கவாட்டில் இழுபடாமல் நேராகவே ஏறி இறங்கும், தேய்மானம் குறையும். சென்னையில் இருந்த ஓர் ஆராய்ச்சி நிறுவனமும் ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் ஆலையும் அதை மெருகேற்றின. நீர்மட்டம் மிக ஆழத்தில் இருக்கும் கோவைப் பகுதியில் சோதித்தார்கள். காப்புரிமை எடுக்காமல் 1979இல் இந்தியத் தர நிர்ணயமாக வெளியிட்டார்கள். ஆகவே எந்தப் பட்டறையும் செய்யலாம், ஒருவர் செய்த வாஷர் இன்னொருவர் செய்த பம்புக்குப் பொருந்தும். பம்போடு ஆளையும் சேர்த்தே திட்டமிட்டதுதான் இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஊரில் பம்பைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் வண்டியோடு ஒரு பழுதுபார்க்கும் குழு என்ற மூன்றடுக்கு முறை திருநெல்வேலி மாவட்டத்தில் தொடங்கிப் பிற மாநிலங்களுக்கும் பரவியது. மனித மையம் என்ற சொல்லை அவர்கள் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. ஆனால் மனிதர்களை எண்ணியிருந்தார்கள்.

அதற்காக மார்க் 2க்குக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. அடியில் உள்ள வாஷரை மாற்ற வேண்டுமானால் கனமான இரும்புக் குழாய் முழுவதையும் மேலே இழுக்க வேண்டும். அது ஊராரால் ஆகாத வேலை. அமிலத்தன்மை கொண்ட நிலத்தடி நீர் அந்தக் குழாயை அரித்துத் தின்றது. ஆப்பிரிக்காவின் பல பகுதிகள் இதை இன்றும் அனுபவிக்கின்றன. தண்ணீர் சுமப்பவர் பெண்ணாக இருக்க, ஸ்பேனர் நெடுங்காலம் ஆண் கையிலேயே இருந்தது. உத்தரப்பிரதேசத்தின் பாந்தா போன்ற இடங்களில் பெண்கள் மெக்கானிக் ஆனது 1990களில்தான். ஆனால் குறைகளைத் திரும்பிவந்து பார்க்கும் பழக்கம் இந்த வடிவமைப்பில் இருந்தது. 1980களில் கோவை வட்டாரத்தில் ஆண்டுக்கணக்கில் பம்புகளைக் கண்காணித்தார்கள். குழாயைக் கழற்றாமலே பிஸ்டனை உருவி எடுக்கக்கூடிய மார்க் 3 அந்தக் கண்காணிப்பின் விளைவு. அதற்குப் பெரிய குழாய் வேண்டியிருந்ததால் செலவு கூடியது என்பதையும் மறைக்கக் கூடாது.

இவ்வளவு நிதானமாகச் சோதித்தால் புதுமை மூச்சுமுட்டிச் செத்துவிடும் என்று ஒரு மறுப்பு வரும். ராட்டினத்தைவிடத் துணிச்சலான புதுமை அந்தச் செயின்தான் என்பேன்; புகைப்படத்துக்கு அது அழகாக இல்லை, அவ்வளவே. இன்னொரு மறுப்புக்குக் கனம் அதிகம். பராமரிப்பை ஊரார் தலையில் கட்டுவது அரசு கைகழுவுவதற்கான நாகரிகமான வழி ஆகாதா? ஆகும், பல நாடுகளில் ஆகியும் இருக்கிறது. மூன்றடுக்கு முறையில் ஒன்றியமும் மாவட்டமும் அவசியமாவது அதனால்தான். அந்த இரண்டு அடுக்குகளையும் வெட்டிவிட்டு ஊரை மட்டும் பொறுப்பாக்கிய இடங்களில் நல்ல பம்பும் துருப்பிடித்தது. எந்தப் பம்பாலும் தீர்க்க முடியாத சிக்கலும் உண்டு. மின்மோட்டார்கள் பாசனத்துக்காக நீர்மட்டத்தை இறக்கிக்கொண்டே போனால் அடிபம்பில் காற்றுதான் வரும். அது வடிவமைப்பாளரின் தோல்வி அல்ல, நீர்க் கொள்கையின் தோல்வி.

வடிவமைப்புக் கல்லூரிகளும் பரிசு வழங்கும் அமைப்புகளும் ஒன்று செய்யலாம். மாதிரியைப் பார்த்தவுடன் முழுப் பரிசையும் கொடுக்காமல் பாதியை நிறுத்திவைக்கட்டும். மூன்றாண்டு கழித்து, பொருத்திய ஊருக்குப் போய், உள்ளூர் ஆளே அதைக் கழற்றி மாட்டிக் காட்டிய பிறகு மீதியைக் கொடுக்கட்டும்.